மூன்றாவது தடவை கேட்காத ஊர்

1

கை தட்டினார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு மண்டபமே கை தட்டியது.

பாண்டிச்சேரிக்காரருக்கு வாக்கப்பட்டு, பிரான்சின் வடக்கு மூலையில் இருக்கும் இந்த லில் நகரத்துக்கு நான் வந்து இந்தத் தை மாதத்தோடு எட்டு வருஷம் முடிகிறது. மரக்காணத்து உப்பளத்தில் கூடை சுமந்த இந்தப் பிலோமினா, இங்கே ஒரு நூற்பாலையில் நூல் கண்டு மாற்றும் வேலைக்குப் போனாள். ஆலையில் வேலை செய்யும் இளம்பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினாள். இளம் தொழிலாளர்களுக்கான ஓர் அனைத்துலக இயக்கம் அவளைச் சேர்த்துக்கொண்டது. போன மாதம், பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடிய அதன் பொதுக்கூட்டத்தில், தலைவர் பதவிக்கு அவள் பெயரை முன்மொழிந்தார்கள். "நம்ம சவரிமுத்து பொண்ணா!" என்று மரக்காணத்தில் இதைப் படிக்கிற நீங்கள் வாயில் கை வைப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

கூட்டத்தை நடத்தியவன் ழான். எங்கள் இயக்கத்தின் செயலாளர். சட்டைக் கையை எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பான், இப்போதுதான் ஏதோ மூட்டை தூக்கிவிட்டு வந்தவனைப் போல. கரும்பலகையில் என் பெயரை எழுதினான். "மதாம் சவரிமுத்து, ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டான். இங்கே அப்பா பெயர்தான் என் பெயர். யாராவது கூப்பிட்டால் அப்பா வந்திருக்கிறாரோ என்று இன்னமும் திரும்பிப் பார்ப்பேன்.

எழுந்தேன். தலையைக் கொஞ்சம் குனிந்தேன். ஊரில் எப்படிச் சொல்வோமோ அப்படியே, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "எனக்கு எதற்குங்க, என்னைவிடத் தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்" என்றேன்.

"உங்கள் நேர்மைக்கு நன்றி" என்றான் ழான். துணியை எடுத்து என் பெயரை அழித்தான். அப்போதுதான் அந்தக் கைதட்டல்.

அடுத்தது ஹென்றி என்ற பல்கலைக்கழக மாணவன். அவன் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து, "ஏற்றுக்கொள்கிறேன்" என்றான். அதற்கும் கை தட்டினார்கள். இரண்டாவது தடவை கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை வாயில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

2

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இதே பத்திரிகையை மதுரையிலும் கோயமுத்தூரிலும் படிக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

மரக்காணத்தில் எந்தப் பொறுப்புக்கும் யாரும் தானாக நிற்க மாட்டார்கள். கோயில் திருவிழாக் கமிட்டியாக இருக்கட்டும், தேர் அலங்காரமாக இருக்கட்டும், வேறொருவர்தான் பெயர் சொல்ல வேண்டும். முதல் தடவை கேட்டால் மறுக்க வேண்டும். அது மரியாதைக்குக் கேட்பது. இரண்டாவது தடவையும் மறுக்க வேண்டும். அது ஊருக்காகக் கேட்பது. மூன்றாவது தடவை கேட்பதுதான் கேள்வி. அப்போது எழுந்திருக்காவிட்டால் திமிர் பிடித்தவள். முதல் தடவையே எழுந்துவிட்டாலோ, பந்திக்கு முந்துகிறவள். அவளுக்கு அப்புறம் ஊரில் ஒரு மரியாதை இருக்காது.

பொய்தானே என்று இங்கே ஒருத்தி என்னிடம் கேட்டாள். வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வது பொய்தானே? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பொய் இல்லையம்மா. ஒருத்தியை மூன்று தடவை கேட்கும்போது, கேட்கிற நீங்களும் மூன்று தடவை யோசிக்கிறீர்கள். இவள் நமக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்கிறீர்கள். ஒரே தடவை கேட்டுவிட்டுத் துணியால் துடைப்பவனுக்கு யார் வந்தாலும் ஒன்றுதான்.

3

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, பெயர் வரக்கூடியவர்கள் எல்லாரும் தலைமைக்குத் தாங்கள் வந்த சொந்தப் பாதையைப் பற்றிப் பேசத் தயாராக வேண்டும் என்று ழான் சொல்லியிருந்தான். சொந்தப் பாதையாம்! என் பாதை ஒரு வரப்பு. அது உப்பளத்து முதலாளிக்குச் சொந்தம்.

எழுபதாம் வருஷத்துக் கோடை. பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரிக் குவிப்பார்கள். அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வரப்பு மேலேயே நடந்து, சாலையோரத்து அம்பாரத்தில் கொட்டுவது பெண்களின் வேலை. வரப்பு ஓர் ஆள் அகலம்தான். ஒருத்தியை ஒருத்தி முந்த முடியாது. நின்றால் பின்னால் வருகிறவள் வந்து இடிப்பாள். தவறிப் பாத்தியில் கால் வைத்தால் உப்பு கலங்கிவிட்டது என்று அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் முதலில் போகிறவள் எவ்வளவு வேகமோ, அத்தனை பேரும் அவ்வளவு வேகம்.

மேஸ்திரிக்கு இது நன்றாகத் தெரியும். எக்கியார்குப்பத்திலிருந்து வரும் பச்சையம்மாவைத்தான் தினமும் முன்னால் விடுவான். நெடுநெடுவென்று இருப்பாள். அவள் ஓர் எட்டு வைத்தால் எங்களுக்கு இரண்டு எட்டு. அவளுக்கு மட்டும் பதினோரு மணிக்கு டீயும் பன்னும். அவள் பின்னால் நாங்கள் ஓடுவோம். வரிசையின் வாலில் என் தோழி லூர்து. சின்ன வயசில் ஜுரம் கண்டு ஒரு கால் சூம்பிப் போனவள். எல்லாரும் கொட்டிவிட்டுத் திரும்பும்போது அவள் பாதி வழியில் நிற்பாள். நாங்கள் எதிரே வர, அவள் கூடையோடு பாத்தி ஓரத்தில் ஒதுங்கி, எத்தனையோ நாள் கூலியை இழந்தாள்.

ஒரு நாள் பச்சையம்மாவின் சொந்தத் தங்கையே, ஏழு மாதக் கர்ப்பிணி, வரிசை நடுவில் விழுந்தாள். மேஸ்திரி அவளைத் தூக்கவில்லை. "கூடைய எடுங்க, கூடைய எடுங்க" என்றுதான் கத்தினான். குழந்தை தங்கவில்லை. இதை இந்த ஊரில் நான் யாரிடமும் கண்ணீரோடு சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எங்கள் இளம்பெண்கள் சங்கம் கூடியது. பச்சையம்மாவும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். "நான் இனிமே முன்னாடி போ மாட்டேன். அந்த டீயும் வேணாம், பன்னும் வேணாம்" என்றாள். அப்படியானால் யார் போவது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"வரப்புல யாரும் முந்த முடியாதுல்ல? லூர்துவ முன்னாடி விட்டா?"

லூர்துதான் முதலில் சிரித்தாள். "அடிப்பாவி! மேஸ்திரிக்கு மாரடைப்பு வந்துடும்டி" என்றாள்.

மறுநாள் காலை லூர்து முன்னால் போனாள். அவள் கால் எப்படி நடக்குமோ அப்படி நடந்தாள். அவள் பின்னால் பச்சையம்மா, அப்புறம் மற்றவர்கள், நடுவில் எங்கேயோ நான். மேஸ்திரி கரையிலிருந்து கத்தினான். "ஏய் நொண்டி! ஒதுங்கு! பின்னாடி வர்றவங்களுக்கு வழி வுடு!"

"எங்க ஒதுங்கறது மேஸ்திரி? பாத்தியில எறங்கினா கூலிய புடிப்பியே?" என்றாள் லூர்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவன் வேறு என்ன செய்ய முடியும்? எங்களைத் தாண்டி வர அவனுக்கும் வரப்பு கிடையாது. அன்றைக்கு அம்பாரம் கொஞ்சம் சின்னதாகத்தான் இருந்தது. இருக்கட்டுமே! யாரும் விழவில்லை. முதலாளி ஜீப்பில் வந்து பார்த்தார், மிரட்டினார், வேறு ஆள் கொண்டு வருவேன் என்றார். கொண்டு வந்தார். வந்தவர்களும் கொஞ்ச நாளில் லூர்து பின்னால் நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு, கடலூரில் நடக்கும் கூட்டத்துக்குச் சங்கத்தின் சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டார். பெண்கள் என் பெயரைச் சொன்னார்கள். "எனக்கு எதுக்குங்க சாமி" என்றேன். மறுபடியும் கேட்டார். "பெரியவங்க இருக்காங்க சாமி" என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது, எழுந்திருக்கவில்லை. லூர்துதான் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திருடி. இன்னும் எத்தினி வாட்டி கேப்பாங்க?"

கடலூர், அப்புறம் மதராஸ், அப்புறம் கல்யாணம், பிரான்ஸ். என் பாதை என்று ஒன்று இருந்தால் அது அந்த முழங்கையில்தான் தொடங்குகிறது.

4

இந்தக் கதையை ழானிடம் முன்னமே சொல்லியிருந்தேன். கண் கலங்கிக் கேட்டான். கேட்டுவிட்டு, "அருமை. ஆனால் பேசும்போது நீங்கள் முன்னால் நடந்ததாகச் சொல்லுங்கள். வெறும் காலோடு, உப்பு வெயிலில், பெண்களை வழிநடத்திக்கொண்டு. நடுவில் நடந்தேன் என்றால் யாருக்கும் புரியாது" என்றான்.

எனக்கு உச்சந்தலை எரிந்தது. என் உப்பை என்னிடமே வாங்கி, சர்க்கரை கலந்து திருப்பிக் கொடுக்கிறான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு தேசத்தில் எங்கள் இயக்கத்தின் பெரிய மாநாடு நடந்தது. லூர்துவை அழைக்கச் சொல்லி நான் சண்டை போட்டு அழைப்பு வாங்கினேன். அவள் அந்தக் காலோடு மரக்காணத்திலிருந்து மதராசுக்குப் பஸ் ஏறி, விசா கொடுக்கும் ஓர் அலுவலகத்தின் வாசலில் திரும்பத் திரும்பப் போய் நின்றாள். நிலம் இருக்கிறதா, பேங்கில் கணக்கு இருக்கிறதா, திரும்பி வருவாய் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். "உப்பளத்துல வேல இருக்குதுங்க, வராம எங்க போவேன்" என்றாளாம். கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். மாநாட்டில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. 'உலகத்தின் குரலற்றவர்களுக்குக் குரல்' என்று அதன் மேல் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். குரலற்றவளா அவள்? அவள் குரல் எக்கியார்குப்பம் வரைக்கும் கேட்கும். கதவைச் சாத்திவிட்டுக் குரல் இல்லை என்பது என்ன நியாயம்?

5

பெயரை அழித்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பை உதறிய விதத்திலேயே என் கணவர் சேவியருக்குத் தெரிந்துவிட்டது. தபால் ஆபீசில் வேலை. பெரிய முதலியார்சாவடிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த, நம் பக்கத்து மனிதர். நடந்ததைச் சொன்னேன். எனக்காகக் கோபப்படுவார் என்று பார்த்தேன்.

"வேணான்னு நீதான சொன்ன?" என்றார்.

"இன்னாங்க பேசறீங்க? மூணு வாட்டி கேக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வூட்ல எத்தினி வாட்டி கேட்டாங்க?"

"அது ஊரு பிலோமி. இங்க எவனுக்கு நேரம் இருக்குது மூணு வாட்டி கேக்க?"

எழுந்து போய்ச் சோற்றை வடித்தேன். வெளியே இருக்கிறவன் கேட்காதது ஒரு கோபம் என்றால், ஒரே மண்ணில் பிறந்தவரே மறந்து போனது பத்துக் கோபம்.

அப்போது மகள் குதித்துக்கொண்டு வந்தாள். ஏழு வயசு. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். ரொம்ப ஆசையாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். அன்றைக்கு வந்தது.

"அம்மா, நாளைலேந்து எங்க வரிசைக்கு நான்தான் ஷெஃப். கேன்டீனுக்குப் போறப்ப நான்தான் முன்னாடி."

ஷெஃப் என்றால் பிரெஞ்சில் தலைவர். "யாரு உன் பேர சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. டீச்சர் கேட்டாங்க, நான் கை தூக்கினேன்."

"நீயேவா?"

"ஆமா. எனக்கு வேணும், அதான்."

வெட்கங்கெட்டவளே என்று சொல்ல வாய் வந்தது. ஊரில் என் அம்மாவாக இருந்திருந்தால் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியிருப்பாள். என் வயிற்றில் பிறந்தது பந்திக்கு முந்துகிறது! இவள் என்னை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

ஆனாலும் கேட்டேன். "வரிசையில யாராச்சும் மெதுவா நடக்கறவங்க இருக்காங்களா?"

"ஒரு பையன் இருக்கான். மூச்சு வாங்கும்."

"அப்ப அவன முன்னாடி வுட்டுட்டு நீ பின்னாடி நட."

"அப்ப நான் எப்பிடி ஷெஃப்?" என்றாள். முன்னால் நடந்தால்தான் தலைவர் என்று ழானும் நினைத்தான், இப்போது இவளும் நினைக்கிறாள்.

6

ஓட்டெடுப்பு மறுநாள் காலை. ஓட்டு ஆரம்பிக்கும் வரை யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைச் சேர்க்கலாம் என்பது விதி. மண்டபத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். யாராவது என் பெயரை மறுபடி சொல்வார்களா என்று கொஞ்சம் நேரம் கொடுத்துப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து ஆலை வாசலில் மழையில் நின்றவர்கள் இருந்தார்கள். நான் சோறாக்கிப் போட்டவர்கள் இருந்தார்கள். எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கை தூக்கினேன். கை கனத்தது, உப்புக் கூடையைவிட.

"மதாம் சவரிமுத்து, ஏதாவது கேள்வியா?" என்றான் ழான்.

"கேள்வி இல்லை. பெயர். பிலோமினா என்று எழுதுங்கள்."

"நேற்று நீங்கள் மறுத்துவிட்டீர்களே?"

"மறுக்கவில்லை. எங்கள் ஊரில் மூன்று தடவை கேட்பார்கள். நீங்கள் ஒரு தடவைதான் கேட்டீர்கள். என்னை மூன்று வருஷமாகத் தெரிந்த உங்களுக்கு, இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லையா?"

சலசலப்பு. பின்வரிசையில் மடகாஸ்கர் தேசத்துப் பையன் ஒருவன் மேசையைத் தட்டினான். "எங்கள் பக்கத்திலும் அப்படித்தான்! நேற்றே எனக்குத் தெரியும்" என்றான். நேற்றே தெரிந்தவன் நேற்றே வாயைத் திறந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவனை ஒரு முறை முறைத்தேன்.

மேடைக்குப் போனேன். வரப்பைச் சொன்னேன், பச்சையம்மாவின் தங்கையைச் சொன்னேன், லூர்துவை முன்னால் விட்டதைச் சொன்னேன். சர்க்கரை சேர்க்கவில்லை. முடித்ததும் ஹென்றி எழுந்தான். கெட்டவன் இல்லை, தன்னை ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன், அவ்வளவுதான்.

"அந்த வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள்?"

"நடுவில் எங்கேயோ."

"அப்படியானால் தலைவி அந்த லூர்துதானே? நாங்கள் அவருக்கல்லவா ஓட்டுப் போட வேண்டும்?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பயமெல்லாம் போய்விட்டது.

"சரியாகச் சொன்னீர்கள்" என்றேன். "அவளுக்குத்தான் போட வேண்டும். அவளை அழைத்தோம், விசா அலுவலகத்துக்காரர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு உங்களில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. காலி நாற்காலியைப் படம் எடுத்தீர்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் ஏதாவது ஒரு தேசம் லூர்துவைக் கூட்டிக்கொண்டு வரட்டும். அந்த நிமிஷமே நான் அவள் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். அவள் வரும்வரைக்கும் இந்த இடத்தில் நான் நிற்பேன். இனிமேல் யாரும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்."

ஒருத்தரும் கை தட்டவில்லை. அதுவே எனக்குத் திருப்தியாக இருந்தது. ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள். ழான் துணியை எடுத்தான். இந்தத் தடவை ஹென்றியின் பெயரை அழித்தான்.

"மதாம் பிலோமினா, தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்றான். "விதிப்படி, ஏற்பதாக நீங்கள் சொல்ல வேண்டும்."

என்ன சொல்ல! இத்தனைக்குப் பிறகும் என் நாக்கு "எனக்கு எதுக்குங்க" என்றுதான் புரண்டது. பழக்கம் லேசில் விடுமா? பக்கத்தில் லூர்து இல்லை. என் இடது கையே போய் என் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டது. அழுத்திப் பிடித்தேன். "ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன்.

அப்போது கை தட்டினார்கள். என்னை அழித்தபோது தட்டிய அதே கைகள்.

7

போன வாரம் சேவியரின் சித்தப்பா மகன் பாண்டிச்சேரியிலிருந்து வந்தான். வருகிற வழியில் மரக்காணத்தில் இறங்கி, எங்கள் வீட்டில் விஷயத்தைச் சொல்லி, கருவாடு வாங்கி வந்திருந்தான். ஊரே சந்தோஷப்பட்டதாம். கோயிலில் பூசைக்குப் பணம் கட்டினார்களாம். லூர்துவையும் உப்பளத்தில் போய்ப் பார்த்தானாம். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாளாம்.

"அண்ணி, அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க" என்றான். "'எத்தினி வாட்டி கேட்டாங்களாம்?'னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவனுக்குக் காப்பி கொடுத்தேன். பேச்சை மாற்றினேன். அவன் நாளை மறுநாள் திரும்புகிறான். அவனிடம் பதில் சொல்லி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. நானே கை தூக்கி வாங்கிக்கொண்டேன் என்று தெரிந்தால் ஊரில் என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பேசுங்கள். ஆனால் உங்கள் பெண்களை வெளியூருக்கு அனுப்பும்போது ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: அங்கே யாரும் மூன்றாவது தடவை கேட்க மாட்டார்கள்.

இதைப் படிக்கிற யாராவது மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், உப்பளத்துப் பக்கம் நடந்து, கூடை வரிசையில் முதலில் வருகிறவளிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அவளுக்குப் படிக்க வராது.

ஒரு வாட்டிதான் கேட்டாங்க, லூர்து. மிச்ச ரெண்டு வாட்டியும் என்னை நானே கேட்டுக்கிட்டேன்.